கூத்து மேடைக்கு டேப்லெட்டில் இருந்து லைட் போர்டை ஓட்டலாமா?

தென்பெண்ணைக் கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, கூத்து, பள்ளி ஆண்டு விழா என்று லைட் கட்டிக் கொடுக்கிறோம். கையில் இருப்பது 24 எல்.இ.டி பார், நாலு ஷார்ப்பி (தலை திரும்பி, கூர்மையான ஒளிக்கற்றை விடுகிற லைட்), கொஞ்சம் ஹாலஜன். லைட்டை ஏற்றி இறக்கும் போர்டு, பேர்ல் 2010 மாதிரியே செய்து வருகிற சீனத்து போர்டு. அது போக லேப்டாப்பில் கியூ.எல்.சி பிளஸ் என்ற லைட் மென்பொருளைப் போட்டு, யு.எஸ்.பி டி.எம்.எக்ஸ் பெட்டி (லைட்டுக்குக் கட்டளை கொண்டுபோகிற டி.எம்.எக்ஸ் சிக்னலைக் கொடுப்பது) வழியாகவும் ஓட்டுகிறோம்.

பிரச்சினை கூத்தில்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குப் போனால் போர்டு வைக்க மேடையின் ஓரம்தான் கிடைக்கும். எதிரே ஜனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். அதன் நடுவில் மேஜை போட ஊரில் விடமாட்டார்கள், கேட்கவும் எனக்கு மனசில்லை. ஓரத்தில் இருந்து பார்த்தால் ஆர்மோனியக்காரரின் தோளும் வேஷக்காரரின் முதுகும்தான் தெரியும்.

துரியோதனன் வரவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடித்திருப்பார்கள். பின்னால் சலங்கை சத்தம், பாட்டு. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். அந்த நேரம் திரையில் வெளிச்சம் கம்மியாக இருக்க வேண்டும், திரை விலகும்போது முகம் நிறைய வேண்டும். இதை ஓரத்தில் இருந்து சத்தத்தை வைத்து யூகித்துத்தான் செய்கிறோம். அப்புறம் முகத்தில் பூசியிருக்கும் சிவப்பு. பாரில் சிவப்பை ஏற்றிவிட்டால் அரிதாரத்தில் போட்ட சிவப்புக் கோடு எல்லாம் கரைந்து போய் முகம் மொழுக்கென்று ஆகிவிடும். மணிக்கணக்கில் உட்கார்ந்து வேஷம் கட்டுகிறார்கள், அது எதிரே இருப்பவர் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டாமா?

டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக முன்னால் உட்கார்ந்து ஓட்ட முடியுமா? விடியும் வரை தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓசூர்ப் பையன்

முடியும் அண்ணா. ஆனால் போனில் லைட் ஓட்டுவது என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலை கலந்து கிடக்கிறது. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, போன் வெறும் பொத்தான். டி.வி ரிமோட் மாதிரி, அழுத்தின செய்தி மட்டும் போர்டுக்குப் போகும். லைட்டுக்கு டி.எம்.எக்ஸ் அனுப்புவது எப்போதும் போர்டுதான். கிராண்ட்எம்ஏ 2, கிராண்ட்எம்ஏ 3 என்ற போர்டுகள் இரண்டிலும் பிரவுசரிலேயே திறக்கிற வெப் ரிமோட் உண்டு. அவோலைட்ஸ் டைட்டன் போர்டுகளுக்கு டைட்டன் ரிமோட் என்று ஆப் இருக்கிறது, இ.டி.சி இயோஸ் வரிசைக்கும் ஆப் இருக்கிறது. இந்த வகையில் போன் அணைந்தாலும், வைஃபை போனாலும், கடைசியாகப் போட்ட சீன் அப்படியே நிற்கும். ஓரத்தில் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் அங்கிருந்தே தொடரலாம்.

இன்னொன்று, போனே போர்டு ஆகிவிடுவது. ஐபேடில் லுமினேர் மாதிரி ஆப் இருக்கிறது. அது நேராக ஆர்ட்நெட், எஸ்.ஏ.சி.என் என்ற முறைகளில் லைட் கட்டளையை நெட்வொர்க்கில் அனுப்பும். நோடு என்ற ஒரு பெட்டி அதை வாங்கி டி.எம்.எக்ஸ் ஆக்கும். சின்ன நிகழ்ச்சிக்கு அழகாக வேலை செய்யும். ஆனால் சிக்னல் அறுந்தால் நோடு என்ன செய்யும் என்பது அதில் வைத்திருக்கும் செட்டிங்கைப் பொறுத்தது. சில நோடு கடைசி அளவைப் பிடித்துக்கொள்ளும், சிலது மொத்தமாக இருட்டாக்கிவிடும். வாங்கிய நாளே போனை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கூத்துக்கு முதல் வகையே போதும், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. கியூ.எல்.சி பிளஸ் 4-ஆம் பதிப்பு வரிசையில் வெப் வசதி உள்ளேயே வருகிறது. விண்டோசில் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸ் திறந்து, டார்கெட் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு, சிறு கோடும் சின்ன டபிள்யூ எழுத்தும் சேர்த்துத் திறந்தால் வெப் சர்வர் ஓட ஆரம்பிக்கும். பிறகு டேப்லெட் பிரவுசரில் லேப்டாப்பின் முகவரி, முக்காற்புள்ளி, 9999. உதாரணம் 192.168.1.10:9999. நீங்கள் செய்து வைத்த விர்ச்சுவல் கன்சோல் (பொத்தான்கள் அடுக்கிய பக்கம்) அப்படியே திரையில் வரும்.

டேப்லெட்டுக்கென்று தனிப் பக்கம் செய்யுங்கள். திரை வரவு, கட்டியங்காரன், பொது வெளிச்சம், முகம் கூட்டு, முகம் குறை என்று விரல் பட்டால் தவறாத அளவில் பெரிய பொத்தான் ஆறேழு வைத்தால் போதும். லேப்டாப் பக்கத்தை அப்படியே சின்னதாக்கிக் கொண்டுவந்தால் இருட்டில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

---

அரூர்க்காரி

நான் லைட்டிங் தொழிலில் இல்லை. நெட்வொர்க் வேலை, ஊர் அரூர். எங்கள் பள்ளி நாடகங்களுக்கு இந்த வேலையை நான்தான் பார்த்துக்கொள்வேன். ஓசூர்த் தம்பி சொன்னது சரி, ஆனால் இதில் பாதி வெற்றி ரூட்டரில் இருக்கிறது.

போனின் ஹாட்ஸ்பாட்டையோ கோயில் ஆபீஸ் வைஃபையையோ நம்பி இறங்காதீர்கள். இதற்கென்று ஒரு ரூட்டர் வாங்குங்கள். இன்டர்நெட் வேண்டியதில்லை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள், டேப்லெட் மட்டும் வைஃபையில் வரட்டும். இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு தட்டலும் இரண்டு முறை காற்றில் பயணம் செய்ய வேண்டும்.

மத்தியானம் காலி மைதானத்தில் அருமையாக வேலை செய்யும், ராத்திரி கூட்டம் வந்ததும் திணறும். நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல் என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான். கூட்டத்தில் இருக்கிற ஹாட்ஸ்பாட், புளூடூத், மலிவான வயர்லெஸ் டி.எம்.எக்ஸ் பெட்டிகள் எல்லாம் அதே இடத்தில்தான் நெருக்கும். போதாததற்கு மனித உடம்பில் இருக்கும் நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கிற ஜனத்தின் ஊடாக சிக்னல் வர வேண்டும் என்றால் வராது, தலைக்கு மேலே வர வேண்டும். அதனால் ரூட்டரை மேஜைக்கு அடியில் வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள்.

முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் திறந்த வெளியில் ரூட்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்றால் போதும். சானலை ஆட்டோவில் விடாமல் 36 அல்லது 149 என்று வையுங்கள். 52-இல் இருந்து 144 வரை உள்ள சானல்களில் ரேடார் சிக்னல் போல ஏதாவது பட்டால் ரூட்டர் அந்த சானலை விட்டே விலகியாக வேண்டும், அது விதி. நடு ராத்திரியில் அது நமக்கு வேண்டாம்.

டேப்லெட் பக்கத்தில் கவனிக்க வேண்டியது: இன்டர்நெட் இல்லாத வைஃபை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். ஏரோபிளேன் மோட் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். திரை வரவின் நடுவில் மாமா போன் செய்து டேப்லெட் திரையை மறைக்கிற வேலையும் அதோடு தீர்ந்தது. ஐபோன், ஐபேடில் ஆப் வழியாகப் போனால், லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும். மறுத்துவிட்டால் போர்டைக் கண்டுபிடிக்கவே செய்யாது. லேப்டாப்பில் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கும், அந்த நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றி நிரலுக்கு அனுமதி கொடுங்கள். ரூட்டரில் கெஸ்ட் வைஃபையில் சேராதீர்கள், அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள்.

லேப்டாப்புக்கு மாறாத ஐ.பி முகவரி கொடுங்கள். வைஃபைக்குக் கடவுச்சொல் கட்டாயம். கியூ.எல்.சி-யின் வெப் பக்கம் சாதாரணமாக யாரையும் பெயர் கேட்காது, அந்த வைஃபைக்குள் வந்த எந்தப் பையனும் 9999 தட்டினால் உங்கள் லைட் அவன் கையில். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கிற மாதிரி திறக்கவும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

---

மலையோரம்

பென்னாகரம். கூத்துக்கு லைட் போடுவதில் பழைய ஆள் நான். தம்பிகள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனாலும் போர்டில் கை இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

காரணம் சொல்கிறேன். ஃபேடரில் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற பிடி) விரல் வைத்திருந்தால் நான் மேடையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை விரல் சொல்லும். கண்ணாடித் திரையில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். கூத்தில் கியூ ஷீட் (எப்போது எந்த லைட் என்று எழுதி வைத்த தாள்) கிடையாது. கட்டியங்காரன் ஊர்ப் பெரியவரைப் பார்த்து ஏதாவது சொன்னால் ஜனம் சிரிக்கும், சிரிப்பு அடங்கும் வரை அவர் நிறுத்துவார், பிறகு வேறு பாட்டில் போவார். மிருதங்கக்காரர் அவர் காலைப் பார்த்து அடிக்கிற மாதிரி நாமும் பார்த்துத்தான் போட வேண்டும். குனிந்து டேப்லெட் பார்க்கிற நேரத்தில் திரை விலகிவிடும்.

அப்புறம் அந்த டேப்லெட் வெளிச்சம். முன்வரிசையில் நீங்கள் நீலமாக ஒரு பலகையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற பாட்டி கூத்து பார்ப்பாரா, உங்கள் பலகையைப் பார்ப்பாரா?

---

தென்பெண்ணைக் கரை

ஐயா சொல்வது புரிகிறது. ஃபேடரை விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஓரத்தில் தம்பி ஒருவன் போர்டில் இருப்பான், எதிரே நான் டேப்லெட்டில் இருப்பேன். இரண்டு கையும் ஒரே லைட்டுக்குப் போனால் சண்டை வராதா? பேர்ல் போர்டில் நெட்வொர்க் கிடையாது, லேப்டாப் தனி. இரண்டையும் ஒரே டி.எம்.எக்ஸ் லைனில் சேர்க்க வழி என்ன? ஒய் கேபிள் போட்டுக்கொள்ளலாம் என்று கடையில் சொல்கிறார்கள்.

---

ஓசூர்ப் பையன்

ஒய் கேபிள் வேண்டவே வேண்டாம் அண்ணா. டி.எம்.எக்ஸ் ஓடுவது ஆர்.எஸ் 485 முறையில். ஒரு லைனில் பேசுகிறவர் ஒருவர்தான், மற்ற எல்லாம் கேட்கிறவை. இரண்டு போர்டு ஒரே லைனில் பேசினால் லைட் கண்டபடி துடிக்கும், பெட்டியின் அவுட்புட்டும் கெடலாம்.

அதற்கு மெர்ஜர் என்று தனிப் பெட்டி வருகிறது. இரண்டு இன்புட், ஒரு அவுட்புட். பெரும்பாலும் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும் முறையில் இயங்கும். பாரின் வெளிச்சத்துக்கு இது சரி. போர்டில் 40 சதவீதம், டேப்லெட்டில் 70 என்றால் 70 வரும். ஷார்ப்பிக்கு இது ஆகாது. பான் (பக்கவாட்டில் திரும்புவது), டில்ட் (மேலும் கீழும் சாய்வது) எல்லாமே வெறும் எண்தானே, இரண்டில் பெரிய எண் எதுவோ அந்தப் பக்கம் தலை திரும்பிவிடும். நிறச் சக்கரமும் அப்படியே.

அதனால் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். ஷார்ப்பி நாலும் ஒருவரிடம் மட்டும். முகத்துக்கு வருகிற பார் மட்டும் இருவரிடமும். டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்றால் ஏற்றலாம், ஆனால் போர்டு வைத்திருக்கும் அளவுக்குக் கீழே டேப்லெட்டால் இறக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் திரை வரவுக்கு இதுவே சரியாக வரும்: தம்பி குறைந்த அளவில் பிடித்திருப்பான், திரை விலகும்போது நீங்கள் ஏற்றுவீர்கள்.

இல்லையென்றால் கூத்துக்கு பேர்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, லேப்டாப்போடு சின்ன மிடி ஃபேடர் பலகை ஒன்றை இணைத்துவிடலாம். தம்பிக்கு விரலில் ஃபேடர் கிடைக்கும், உங்களுக்கு டேப்லெட் கிடைக்கும், லைட்டுக்குப் பேசுவது ஒரே லேப்டாப். மெர்ஜர் செலவும் மிச்சம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். உங்கள் யு.எஸ்.பி பெட்டி மலிவான ஓப்பன் டி.எம்.எக்ஸ் வகை என்றால், சிக்னலின் நேரக் கணக்கை லேப்டாப்தான் பார்த்துக்கொள்கிறது. வெப் சர்வரும் சேர்ந்து ஓடி லேப்டாப் திணறினால் லைட் மினுக்கும். சொந்தமாக சிப் வைத்துக் கணக்குப் பார்க்கிற புரோ வகைப் பெட்டிக்கு மாறினால் இந்தத் தலைவலி கிடையாது.

---

பந்தல் பாலக்கோடு

நான் பந்தல், ஜெனரேட்டர் பக்கம். கரண்ட் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ஈ.பி போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது லைட் ஒரு கணம் போய் வரும், ஜனம் அதைப் பொறுத்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. ஆனால் ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்து வைஃபை விட ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். அத்தனை நேரம் எதிரே இருப்பவர் கையில் டேப்லெட் சும்மா கிடக்கும். ரூட்டருக்கு என்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ் கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் டேப்லெட்டை வெளியே நீட்டி வேலை பார்க்காதீர்கள். ஐபேடுக்கு 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊர் வெயில் அதைத் தாண்டும். சூடானால் திரை தானே மங்கும், ரொம்பச் சூடானால் நின்றே போகும்.

---

மலையோரம்

தென்பெண்ணைத் தம்பிக்கு. ஃபேடரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எதிரே இருந்து திருத்துவது என்றால் எனக்கு மறுப்பில்லை. பலகையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, விர்ச்சுவல் கன்சோலின் பின்னணியைக் கறுப்பாக வையுங்கள்.

இன்னொன்று. இந்த போன் விஷயம் எங்கே உண்மையாகவே தேவை என்று கேட்டால் அர்ச்சுனன் தபசைச் சொல்வேன். வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாகத் தபசு மரம் ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் காத்திருப்பார்கள். மேலே இருந்து எலுமிச்சையும் பூவும் விழும். எல்லாக் கண்ணும் அந்த மரத்தின் மேல்தான்.

அந்த மரத்துக்கு ஷார்ப்பி பிடிக்கிற இடத்தைத்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். போர்டு மேடை ஓரத்தில், மரம் களத்தின் இன்னொரு பக்கம். அங்கிருந்து கை காட்டி, கத்தி, நாலு தடவை ஓடி வந்து ஒரு பொசிஷன் பதிவார்கள். அதுவும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஏறுகிற மனிதருக்குக் காலடிப் படி தெரிய வேண்டும். ஷார்ப்பி கண்ணில் பட்டால் அவருக்குப் படியும் தெரியாது, கயிறும் தெரியாது. அவ்வளவு உயரத்தில் அது உயிர் விஷயம்.

சாயங்காலமே அந்த போனை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நில்லுங்கள். உங்கள் ஆள் ஒருவரைப் பாதி உயரம் வரை ஏறச் சொல்லுங்கள். அங்கிருந்து அவர் கண் கூசுகிறதா என்று கேட்டுக் கேட்டு, பக்கவாட்டில் இருந்தும் சற்றுப் பின்னால் இருந்தும் ஒளி விழும்படி பானையும் டில்டையும் நகர்த்துங்கள். அடி, நடு, உச்சி என்று மூன்று பொசிஷன் பதியுங்கள். முகத்துக்கு மெதுவாக வாம் வைட் பார் போதும், பீம் வேண்டாம். ராத்திரி ஏறும்போது அவர் வேகத்துக்குத் தகுந்தபடி ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல நகர்த்தினால் போதும்.

---

அரூர்க்காரி

ஐயா சொன்னது மிகவும் முக்கியம். அதோடு ஒன்று சேர்க்கிறேன். கையில் போன் இருக்கும்போது நாம் லைட்டைப் பார்க்கிறோம், லைட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. யாராவது டிரஸ் (லைட் தொங்கவிடுகிற உலோகச் சட்டம்) மேல் ஏறி கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து பொத்தான் தட்டினால் மூவிங் ஹெட் சட்டென்று திரும்பி அடிக்கும். மேலே ஆள் இருக்கும் வரை டேப்லெட்டைத் திறக்கக் கூடாது, இறங்கியவர் வாயால் சொன்ன பிறகுதான் என்று குழுவில் பழக்கப்படுத்துங்கள்.

வாண வேடிக்கை, தீப்பொறி மெஷின் எதையும் இந்த வழியில் இணைக்காதீர்கள். டி.எம்.எக்ஸ் 1986-இல் டிம்மருக்காக உருவான முறை. போன செய்தி சரியாகப் போனதா என்று சரிபார்க்கிற ஏற்பாடு அதில் இல்லை. ஆபத்தான கருவிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது.

பின்னால் ஆர்ட்நெட் நோடு வாங்கினால், ஆர்ட்நெட்டும் எஸ்.ஏ.சி.என்னும் அந்த வைஃபையில் கசியாமல் பாருங்கள். எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிற பாக்கெட்டை வைஃபை மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்பும். டி.எம்.எக்ஸ் ஒரு யூனிவர்ஸுக்கு (ஒரு டி.எம்.எக்ஸ் லைன் அளவு) நொடிக்கு 44 முறை வரை புதுப்பிக்கும், அத்தனையும் காற்றில் போனால் உங்கள் ஒரு தட்டல் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும். நோடுக்கு நேராக அதன் முகவரிக்கு மட்டும் அனுப்புகிற யூனிகாஸ்ட் முறையை வைத்தால் போதும்.

---

தென்பெண்ணைக் கரை

எல்லோருக்கும் நன்றி. மிடி ஃபேடர் பலகை யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். லேப்டாப்பும் ஃபேடரும் ஓரத்தில் தம்பியிடம், டேப்லெட் என்னிடம். ரூட்டர், அதற்கு மினி யு.பி.எஸ், புரோ வகை பெட்டி இந்த மூன்றையும் வாங்கிவிடுகிறேன். ஷார்ப்பி டேப்லெட் பக்கத்தில் வராது, தபசுக்குப் பதிந்த மூன்று பொசிஷன் தவிர. மலையோரம் ஐயா சொன்னபடி ஆளை ஏற்றிப் பார்த்துத்தான் பதிவேன்.

ரூட்டரை எதில் கட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. டிரஸ் மேலேயே கட்டிவிடலாமா?

---

பந்தல் பாலக்கோடு

டிரஸ்ஸோடு ஒட்டிக் கட்டாதீர்கள் அண்ணா, சுற்றிலும் இரும்பு இருந்தால் சிக்னல் அடிபடும், ஷார்ப்பி சூடு வேறு. மேடையின் முன்பக்க ஓரத்தில் தனியாக ஒரு சவுக்குக் கம்பு நட்டுத் தருகிறோம், பந்தல் கூரைக்குக் கீழே இருக்கும்படி. பனி இறங்காது. லேன் கேபிள் மட்டும் நீளமாகக் கொண்டு வாருங்கள், ஜனம் நடக்கிற பக்கம் போகாமல் மேலேயே இழுத்துக் கட்டிவிடலாம்.